டொச் படிக்க எந்த ஓடியோ, எந்தப் புத்தகம்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் மாலை வகுப்பாக டொச், அதாவது ஜேர்மன் மொழி, படிப்பிக்கிறேன். கணவரோ மனைவியோ ஜேர்மனியில் இருக்க, ஏ1 எனப்படும் தொடக்க நிலைச் சான்றிதழுக்காகப் படிக்க வருபவர்கள் இருக்கிறார்கள். தாதியர் வேலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ போக நினைக்கும், ஏஎல் முடித்த பிள்ளைகளும் வருகிறார்கள். துணுக்காய், ஒட்டுசுட்டான், முழங்காவில் பக்கம் இருந்து வகுப்புக்கு வரமுடியாமல் வட்ஸ்அப்பில் கேட்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் இருக்கும் முதல் சந்தேகம் எதை வாங்குவது, எதைக் கேட்பது என்பதுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ரீச்சர், முதலில் புத்தகம் வாங்கவா, ஓடியோ எடுக்கவா?

இரண்டையும் ஒன்றாக எடுங்கள். ஒரே பாடநெறியின் புத்தகமும் அதே புத்தகத்தின் ஒலிப்பதிவும் கையில் இருக்க வேண்டும். ஒரு கடையில் கிடைத்த புத்தகத்தையும் யூரியூப்பில் கிடைத்த வேறொரு தொடரையும் சேர்த்துப் படிப்பவர்கள் நடுவழியில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் நாலாம் பாடம் சாப்பாட்டுச் சாமான், ஓடியோவில் நாலாம் பாடம் ரயில் நிலையம் என்றால் இரண்டுமே மனதில் நிற்காது.

புத்தகக் கடையில் நிற்கும்போது நான் முதலில் பார்ப்பது அட்டையையோ விலையையோ அல்ல. அந்தப் புத்தகத்தின் ஒலி எங்கே இருக்கிறது, போனில் இறக்க முடியுமா, பின்பக்கத்தில் அந்த உரையாடல்களின் எழுத்து வடிவம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒலி கிடைக்காத பாடநூல் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். எங்கள் ஊரில் காதில் விழ ஜேர்மன் இல்லை. பஸ்ஸிலும் சந்தையிலும் அது கேட்காது. அந்த இடத்தை நிரப்பப்போவது ஒலிப்பதிவு ஒன்றுதான். ஆகவே புத்தகத்தை அதன் ஒலிக்காகத் தேர்ந்தெடுங்கள்.

எனக்கு எந்த நிலை வரை தேவை என்று எப்படித் தெரியும்?

நிலைகள் ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும். ஜேர்மனியில் இருக்கும் துணையோடு சேரப் போகிறவர்களிடம் 2007 முதல் ஏ1 கேட்கிறார்கள். சில விதிவிலக்குகள் உண்டு. உதாரணமாக, ப்ளூ காட் (உயர்கல்வி முடித்து வேலைக்குப் போகிறவர்களுக்கான வதிவிட அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு அது தேவையில்லை. அவுஸ்பில்டுங் எனப்படும் தொழிற்பயிற்சிக்குப் பொதுவாக பி1 வேண்டும், தாதியாகப் பதிவு பெறப் பொதுவாக பி2 வேண்டும். 2024 ஜூனில் தொடங்கிய, வேலை தேடிப் போவதற்கான ‘வாய்ப்பு அட்டை’ விசாவுக்கு ஏ1 ஜேர்மன் அல்லது பி2 ஆங்கிலம் இருந்தால் மொழித் தகுதி சரி. உங்கள் விசாவுக்கு உரியதைத் தூதரகத்தின் பக்கத்தில் ஒருமுறை நேரே பார்த்து உறுதிப்படுத்துங்கள். அங்கே இருக்கும் சொந்தக்காரர் 15 வருடத்துக்கு முன் வந்த கதையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரியூசன் நிலையம் தரும் சான்றிதழ், என் வகுப்பு உட்பட, விசாவுக்கு எடுபடாது. கோதே, டெல்க், ஓ.எஸ்.டி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனைகளின் சான்றிதழ்தான் வேண்டும். எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் கொழும்பில் உள்ள கோதே நிறுவகத்தில்தான் எழுதுகிறார்கள். ஏ1 எடுப்பவர் ஏ1 சோதனைக்கு உரிய புத்தகத்தையும் ஒலியையும் எடுங்கள். ‘மூன்று மாதத்தில் சரளம்’ என்று அட்டையில் போட்டு எல்லா நிலையையும் ஒரே புத்தகத்தில் அடைத்திருப்பவை சோதனைக்கு உதவாது.

பிம்ஸ்லர் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

வாயைத் திறக்கப் பண்ணுவதில் பிம்ஸ்லர் என்ற ஒலிப்பாடத்தை வெல்ல ஒன்றும் இல்லை. ஒரு பாடம் அரை மணி நேரம். ஒரு நிலையில் 30 பாடம், ஜேர்மனுக்கு ஐந்து நிலை, மொத்தம் 150 பாடம். ஒரு கேள்வி கேட்டு, நீங்கள் பதில் சொல்வதற்கு இடைவெளி விட்டு, பிறகு சரியான பதிலைச் சொல்லும். பாடத்தின் தொடக்கத்தில் வந்த சொல் சில நிமிடம் கழித்துத் திரும்ப வரும், அடுத்த நாளும் வரும். மறக்கப்போகும் நேரம் பார்த்து நினைவூட்டும் இந்த முறையை போல் பிம்ஸ்லர் என்ற மொழியியலாளர் 1967 இல் ஆய்வாக எழுதினார். அதன் மேல்தான் பாடம் முழுக்கக் கட்டப்பட்டிருக்கிறது. வெட்கப்பட்டு வாய் திறக்காத பிள்ளைக்கு இது நல்ல மருந்து.

ஆனால் உங்கள் தேவையோடு வைத்துப் பாருங்கள். விளக்கம் முழுக்க ஆங்கிலம். வெளியூரில் வழி கேட்கும், சாப்பிடக் கூப்பிடும் பயணியின் கதைதான் முதல் பாடங்களில் வரும். 30 பாடம் முடிந்தாலும் சொற்களின் எண்ணிக்கை குறைவு, எழுத்துப் பயிற்சி கிட்டத்தட்ட இல்லை. ஏ1 சோதனையிலோ ஒரு படிவம் நிரப்ப வேண்டும், 30 சொல் அளவில் ஒரு சின்னக் கடிதம் எழுத வேண்டும். விலையும் கொஞ்சம் அல்ல. ஆங்கிலம் நன்றாக விளங்கும், காசும் இருக்கிறது என்றால் முதல் நிலையை மட்டும் பாடநூலோடு சேர்த்துக் கேளுங்கள். தனியே அதை மட்டும் நம்பிச் சோதனைக்குப் போகக்கூடாது.

இதை பஸ்ஸில் கேட்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: பிம்ஸ்லர் உரத்துப் பதில் சொல்லச் சொல்லும். வவுனியா பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருக்கும்போது நீங்கள் சொல்லமாட்டீர்கள். சொல்லாமல் கேட்டால் அதன் பயன் பாதிக்கு மேல் போய்விடும். வீட்டு முற்றத்திலோ வயல் வரம்பிலோ தனியே நடக்கும்போது கேளுங்கள்.

மிஷெல் தொமஸ், லாங்குவேஜ் ட்ரான்ஸ்பர் இரண்டும் எப்படி?

மிஷெல் தொமஸ் என்பவரின் ஒலிப்பாடத்தில் ஆசிரியரோடு இரண்டு மாணவர்கள் இருப்பார்கள், மூன்றாவது ஆள் நீங்கள். எழுத வேண்டாம், மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பார். லாங்குவேஜ் ட்ரான்ஸ்பர் முற்றிலும் இலவசம், ஜேர்மனுக்கு 50 ஒலித்துண்டுகள், வசனம் கட்டும் விதத்தை யோசிக்க வைக்கும். இரண்டுமே ஆங்கிலச் சொல்லிலிருந்து ஜேர்மன் சொல்லுக்குப் பாலம் போடும் முறை. ஆங்கிலத்தில் யோசிக்க வருபவர்களுக்கு அருமை. ஓஎல்லில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இரண்டு மொழியை ஒரேயடியாகச் சுமப்பதுபோல இருக்கும். இலவசம்தானே, மூன்று துண்டு கேட்டுப் பாருங்கள். விளங்கினால் தொடருங்கள்.

எனக்கு ஆங்கிலம் போதாது. அப்படியென்றால் டொச் படிக்க முடியாதா?

முடியும், தாராளமாக முடியும். ஜேர்மனியில் அச்சாகும் நல்ல பாடநூல்களில் ஆங்கிலமே இல்லை. முதல் பக்கத்திலிருந்தே ஜேர்மன்தான். படம் பார்த்து, ஒலி கேட்டு, பொருளை ஊகித்துப் படிக்கும் விதத்தில் செய்திருக்கிறார்கள். அங்கே ஆங்கிலம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே தொடக்கக்கோடு.

அதோடு, தமிழ் உங்களுக்குக் கைகொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ‘நான் இன்றைக்குக் கொழும்புக்குப் போக வேண்டும்’ என்பதில் ‘போக’ பின்னால் வருகிறது அல்லவா? ஜேர்மனிலும் அந்த வினை வசனத்தின் கடைசியில்தான் போய் நிற்கும். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு அது புதுமை, எங்களுக்கு வீட்டுப் பழக்கம். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ஜேர்மனிலும் அந்த இடத்தில் ‘மியர்’, அதாவது ‘எனக்கு’தான். ஆங்கில வழி ஒலிப்பாடம் இதை விளக்கப் பல நிமிடம் எடுக்கும். தமிழில் ஒரு வரியில் சொல்லலாம்.

அதனால் விளக்கத்துக்கு யூரியூப்பில் தமிழில் சொல்லித்தருபவர்களைப் பாருங்கள், தப்பில்லை. இலக்கணத்துக்கு அவர்கள் போதும். உச்சரிப்பை மட்டும் ஜேர்மன்காரரின் குரலிலேயே கேளுங்கள்.

ஜேர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கும் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதை வைத்துப் படிக்கலாமா?

வேண்டாம். தோட்டம் என்பதற்கான ஜேர்மன் சொல்லையும் அட்டைகள் என்பதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘கார்ட்டன்’. எங்கள் எழுத்தில் க, ட, ப ஒவ்வொன்றும் ஒரே எழுத்து. ஜேர்மனில் அவை இரண்டு இரண்டு, பொருளே மாறிவிடும். அந்தப் புத்தகத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தவர் சோதனையில் ஒலியைக் கேட்கும்போது எந்தச் சொல் என்று பிரிக்கத் தெரியாமல் நிற்பார். இந்தப் பக்கத்தில் நான் தமிழ் எழுத்தில் தருபவையும் அடையாளத்துக்கு மட்டுமே. சொல்லைக் கேட்கப் ‘போர்வோ’ என்ற இணையத்தளத்துக்குப் போங்கள், அந்த மொழிக்காரரே சொல்லிப் பதிந்திருப்பார்கள்.

எந்த ஒலியில் எங்கள் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள்?

மேலே இரண்டு புள்ளி வைத்த எழுத்துகளில். ü எழுத்துக்கு, வாயில் ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஊ’வுக்குக் குவியுங்கள். ö எழுத்துக்கு, ‘ஏ’ சொல்லிக்கொண்டே உதட்டை ‘ஓ’வுக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடிக்கு முன் நின்று செய்தால் கொஞ்ச நாளில் படியும். குறில், நெடில் வேறுபாடு எங்களுக்குப் பிறப்போடு வந்தது. ஜேர்மனிலும் அது பொருளை மாற்றும் என்பதால் அந்தப் பக்கம் கவலையில்லை. ‘ட’ ஒலியில் ஒரு சின்ன உதவி: ‘காற்று’, ‘நேற்று’ என்று நாங்கள் சொல்லும்போது நாக்கு மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள முரசைத் தொடும். ஜேர்மன் ‘ட’ அங்கேதான் பிறக்கிறது. ‘பட்டு’, ‘கட்டு’ என்று நாக்கை மடித்தால் கேட்பவருக்கு விளங்கும், ஆனால் காதில் உறுத்தும்.

பெரிய பிரச்சினை எண்கள். 24 ஐ ஜேர்மனில் ‘நான்கும் இருபதும்’ என்று சொல்வார்கள். இருபத்துநான்கு என்று கேட்டுப் பழகிய காது முதலில் வந்த நான்கைப் பிடித்து 42 என்று எழுதிவிடும். 13, 30 என்பன போன்ற சோடிகளும் அப்படித்தான், சொல்லின் வால் மட்டும்தான் வேறு. விலை, நேரம், தொலைபேசி எண் என்று சோதனையில் எண்கள் நிறைய வரும். ஒரு பாடநெறியைத் தேர்ந்தெடுக்கும்போது அதில் எண்களைக் கேட்டு எழுதும் பயிற்சி எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் வீட்டில் யாரையாவது கொண்டு போனில் எண்களைப் பதிந்து நீங்களே செய்யலாம், ஆனால் அந்தக் குரல் ஜேர்மன் குரலாக இருப்பதுதான் நல்லது.

பெயரை எழுத்துக்கூட்டுவதையும் ஒலியோடு பழகுங்கள். சோதனையில் உங்கள் பெயரை ஜேர்மன் எழுத்துப் பெயர்களில் சொல்லச் சொல்வார்கள். ஜெயந்தி என்று பெயர் இருந்தால் ‘ஜே’ என்பது அங்கே ‘யொட்’, ‘வை’ என்பது ‘உப்ஸிலொன்’. ஆங்கில ‘வி’க்கு ‘ஃபவ்’, ‘டபிள்யு’க்குத்தான் ‘வே’. வாணி, வசந்தன் என்று பெயர் உள்ளவர்கள் ‘வே’ என்று தொடங்கினால் பெயரே வேறாகிவிடும். எல்லாப் பாடநூலிலும் முதல் பாடத்தில் எழுத்துகளுக்கு ஒரு ஒலித்துண்டு இருக்கும், அதைத் தாண்டிப் போகவேண்டாம்.

காசு செலவழிக்காமல் எதை எடுக்கலாம்?

ஜேர்மன் அரச ஒலிபரப்பான டொய்ச்சே வெல்லேயின் பாடங்கள் இலவசம். அதில் ‘நிக்கோஸ் வேக்’ என்ற தொடரை முதலில் பாருங்கள். ஸ்பெயினிலிருந்து வரும் நிக்கோ என்ற பையன் வந்த இடத்தில் பையைத் தொலைத்துவிட்டு ஊரைப் பழகும் கதை. ஏ1, ஏ2, பி1 மூன்று நிலையும் இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் சிறிய காணொளி, பயிற்சி, உரையாடலின் எழுத்து வடிவம் எல்லாம் உண்டு. புது நாட்டில் போய் இறங்கும் ஆளின் கதை என்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு அது மனதில் ஒட்டுகிறது.

காணொளி பார்க்க வசதியில்லாதவர்களுக்கு ‘டொய்ச் வறும் நிஷ்ட்’ என்ற பழைய வானொலிப் பாடம். கோதே நிறுவகத்தோடு சேர்ந்து டொய்ச்சே வெல்லே தயாரித்தது, 26 பாடமாக நான்கு தொடர். ஹொட்டல் வாசலில் வேலை செய்துகொண்டு படிக்கும் ஆந்திரெயாஸ் என்ற மாணவனும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணையும் வருவார்கள். வானொலிக்கென்றே செய்தது என்பதால் ஒலி மட்டும் கேட்டாலும் விளங்கும். பேச்சு கொஞ்சம் பழையது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

‘மெதுவாக வாசிக்கும் செய்தி’ என்று தினமும் டொய்ச்சே வெல்லே ஒரு ஒலியை எழுத்தோடு போடுகிறது. பெயரைப் பார்த்துத் தொடக்கக்காரருக்கு என்று நினைக்காதீர்கள். அது பி2 அளவு. தாதியர் வேலைக்குப் போகிறவர்கள் பிறகு எடுக்கலாம்.

கோதே நிறுவகத்தின் இணையத்தளத்தில் ஏ1 மாதிரிச் சோதனை ஒலியோடு இலவசமாக இருக்கிறது. ஏறத்தாழ 650 சொல் கொண்ட ஏ1 சொற்பட்டியலும் இருக்கிறது. இவை இரண்டையும் இறக்காமல் எந்தப் புத்தகத்துக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

பாடநூலில் எது? கடையில் பல பெயர் இருக்கிறது.

ஹூபர் பதிப்பகத்தின் ‘ஷ்ரிட்டே இன்டர்நாசியோனால் நொய்’, அதே பதிப்பகத்தின் ‘மென்ஷன்’, கிளெட் பதிப்பகத்தின் ‘நெட்ஸ்வெர்க் நொய்’ மூன்றுமே நம்பி வாங்கக்கூடியவை.

தனியே வீட்டிலிருந்து படிப்பவருக்கு நான் ஷ்ரிட்டேயைத்தான் சொல்வேன். ஒவ்வொரு பாடமும் படங்களோடு கேட்கும் ஒரு கதையில் தொடங்கும், பாடநூலும் பயிற்சிநூலும் ஒரே கட்டில் இருக்கும், நடை ஆறுதலானது. ஏ1 இரண்டு புத்தகம், ஒவ்வொன்றிலும் ஏழு பாடம். மென்ஷனில் ஏ1 க்கு 24 சின்னப் பாடங்கள். படங்கள் அழகு, ஆனால் வகுப்பில் ஆட்களோடு சேர்ந்து செய்யும் பயிற்சி கூட. நெட்ஸ்வெர்க் 12 பாடத்தில் வேகமாகப் போகும், ஏஎல் முடித்த கையோடு படிக்கும் பிள்ளைகளுக்குப் பொருந்தும். நீங்கள் வகுப்புக்குப் போவதாக இருந்தால் இந்த யோசனையே வேண்டாம், அங்கே எந்தப் புத்தகமோ அதையே வாங்குங்கள்.

இந்தியாவில் அச்சாகும் மலிவுப் பதிப்புகளும் உண்டு. கொழும்புக்கு யாரும் போகும்போது சொல்லி எடுப்பிக்கலாம். வாங்கும்போது பயிற்சிநூலும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள், சிலவற்றில் அது தனி.

வட்ஸ்அப் குறூப்பில் பிடிஎப் வந்தது. அது போதாதா?

பதிப்பாளருக்குச் சேரவேண்டிய காசு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிடிஎப் பெரும்பாலும் பழைய பதிப்பாக இருக்கும், நீங்கள் இறக்கும் ஒலி புதிய பதிப்புக்கு உரியதாக இருக்கும். பாட எண்ணும் துண்டு எண்ணும் பொருந்தாது. போனின் சின்னத் திரையில் பயிற்சி எழுதவும் முடியாது. பழகிய ஒருவரிடம் பாவித்த புத்தகத்தை வாங்குவது இதைவிட எவ்வளவோ மேல், விடை எழுதியிருந்தால் அழிறப்பரால் அழித்துவிட்டுப் படியுங்கள்.

டேட்டா நிறையப் போகுமே?

ஒலிக்குப் போகாது. சாதாரண எம்பி3 ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி. அரை மணிப் பாடம் 30 எம்பிக்குள் அடங்கும், காணொளிதான் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். சிக்னல் நல்லாக இருக்கும் இடத்துக்குப் போகும் நாளில் ஒரு வாரத்துப் பாடத்தை மொத்தமாக இறக்கிப் போனில் வையுங்கள். இரவு நேர டேட்டா மிச்சம் கிடந்தால் அதற்குப் பயன்படுத்தலாம்.

ஓடியோவை எப்படிக் கேட்பது? கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை.

பின்னணியில் ஓடவிட்டுச் சமைத்தால் நிற்காது. என் வகுப்பில் நெடுங்கேணியிலிருந்து வரும் ஒரு தங்கச்சி செய்வதைச் சொல்கிறேன். ஒரு நிமிடத்துக்கும் குறைந்த ஒரு உரையாடலை எடுப்பா. முதலில் புத்தகத்தை மூடிவைத்து இரண்டு தரம் கேட்பா, யார் யாரோடு, எங்கே, எதைப்பற்றி என்று மட்டும் பார்ப்பா. பிறகு ஒவ்வொரு வசனமாக நிறுத்தி, கேட்டதை சி.ஆர். கொப்பியில் எழுதுவா. விளங்காத இடத்தில் கோடு இழுத்து விடுவா. கடைசியில் புத்தகத்தின் பின்பக்கத்தை விரித்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் நிரப்புவா. சிவப்பாக இருப்பவைதான் அவவின் காது பிடிக்காத இடங்கள். சின்னச் சின்னச் சொற்கள்தான் எப்போதும் சிவப்பு: ஆட்டிக்கிள் (பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் டெர், டீ, டாஸ்), ‘இல்’, ‘உடன்’ மாதிரியானவை. அடுத்த நாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, ஒலியோடு சேர்ந்து அதே வேகத்தில் வாசிப்பா.

இப்படி ஒரு துண்டுக்கு அரை மணி நேரம் போகும். போகட்டும். பத்துப் பாடத்தை மேலோட்டமாகக் கேட்பதைவிட அது பெறுமதி. பஸ்ஸில், வீட்டு வேலையில் கேட்பதற்கு ஏற்கெனவே இப்படிப் படித்து முடித்த துண்டுகளை வையுங்கள். புதியதை அங்கே தொடங்க வேண்டாம்.

வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதும்போது குறைக்கலாம். கடைசித் தரம் கட்டாயம் இயல்பான வேகத்தில் கேளுங்கள், சோதனை மண்டபத்தில் யாரும் குறைத்துத் தரமாட்டார்கள்.

ஏ1 சோதனையில் கேட்டல் பகுதி எப்படி வரும்?

ஏறத்தாழ 20 நிமிடம், 15 கேள்வி, மூன்று பகுதி. முதல் பகுதியில் ஆறு சின்ன உரையாடல், இரண்டு தரம் ஒலிக்கும். மூன்றாம் பகுதியில் ஐந்து தொலைபேசித் தகவல், அதுவும் இரண்டு தரம். நடுவில் வரும் இரண்டாம் பகுதியில்தான் கவனம் வேண்டும். கடை, ரயில் நிலையம் போன்ற இடங்களின் நான்கு அறிவித்தல், ஒரே ஒரு தரம்தான் ஒலிக்கும். சரியா பிழையா என்று உடனே குறிக்க வேண்டும். ஒருவர் தெளிவாக, மெதுவாக வாசிக்கும் ஓடியோவை மட்டும் கேட்டுப் பழகியவர்கள் இங்கே திகைத்துப் போகிறார்கள். ஆகவே நீங்கள் எடுக்கும் பாடநெறியில் ஒலிபெருக்கி அறிவித்தல், தொலைபேசிக் குரல், ஆண், பெண், வயதானவர் என்று பலவிதக் குரல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே சொன்ன மூன்று பாடநூலிலும் இருக்கிறது.

100 க்கு 60 புள்ளி எடுத்தால் சித்தி. ஏ1 இல் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுத முடியாது, தவறினால் முழுச் சோதனையும்தான். பி1 இல் பகுதி பகுதியாக எழுதலாம். இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் வரும் செலவையும் சேர்த்துப் பார்த்தால், மாதிரிச் சோதனையை வீட்டில் நேரம் வைத்துச் செய்து 75 க்கு மேல் எடுக்கும்வரை விண்ணப்பிக்க வேண்டாம் என்பதே என் பிள்ளைகளுக்கு நான் சொல்வது.

மாமா சுவிஸில். அவர் கதைப்பது எங்கள் புத்தகத்தில் இல்லையே?

முதலில் மாமா எந்த ஊரில் என்று கேளுங்கள். ஜெனீவா, லவுசான் என்றால் அங்கே பிரெஞ்சு, இந்தப் பக்கம் முழுக்க உங்களுக்குத் தேவையில்லை. சூரிச், பேர்ண் என்றால் வீதியில் சுவிஸ் ஜேர்மன் பேச்சு, அது கேட்க வேறு மொழிபோலவே இருக்கும். ஆனால் பள்ளிக்கூடம், கடிதம், செய்தி எல்லாம் எழுத்து ஜேர்மனில்தான் நடக்கும். ஆகவே சாதாரணப் பாடநூலிலேயே படியுங்கள். சுவிஸ் பேச்சைப் போய் இறங்கியபின் பழகலாம். இப்போது இரண்டையும் கலந்தால் இரண்டும் குழம்பும்.

இலக்கணப் புத்தகம், அகராதி தனியே வேண்டுமா?

ஏ1 க்கு வேண்டாம். அகராதிக்குப் போன் போதும். ஒரு சொல்லைக் குறிக்கும்போது டெர், டீ, டாஸ் எது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ‘ஆங்கி’ என்ற செயலி அன்ட்ராய்ட் போனில் இலவசம், அதில் சொல்லோடு ஒலியையும் வைத்துத் தினமும் திருப்பிப் பார்க்கலாம்.

எத்தனை மாதம் எடுக்கும்?

கோதே நிறுவகம் ஏ1 க்கு 80 முதல் 200 பாடவேளை என்று சொல்கிறது, ஒரு பாடவேளை 45 நிமிடம். ஆங்கிலமோ வேறு ஐரோப்பிய மொழியோ பழகாதவர் 200 பாடவேளைக்குக் கிட்டவே கணக்குப் போடுங்கள். தினமும் ஒரு மணி நேரம் இருந்தால் ஐந்து ஆறு மாதம். குழந்தை வைத்திருப்பவர்களுக்குக் கூடும், அதில் குறை ஒன்றும் இல்லை.

ஏ1 எடுத்தாச்சு. விசா வரும்வரை என்ன கேட்பது?

இந்தக் காலத்தில்தான் நிறையப் பேர் கொப்பியை மூடிவைக்கிறார்கள். விசா நேர்காணலில் ஒரு சாதாரணக் கேள்வியை ஜேர்மனில் கேட்டால் பதில் வராமல் நிற்பது அப்படித்தான். நிக்கோஸ் வேக்கின் ஏ2 வைத் தொடங்குங்கள், அது அதே கதையின் தொடர்ச்சி. யூரியூப்பில் ‘ஈஸி ஜேர்மன்’ என்று வீதியில் போகும் ஆட்களைப் பேட்டி காணும் தொடர் இருக்கிறது. ஜேர்மன், ஆங்கிலம் இரண்டிலும் கீழே எழுத்து ஓடும், உண்மையான ஆட்கள் உண்மையான வேகத்தில் கதைப்பார்கள். முதலில் பாதிகூட விளங்காது, அதற்காக விட்டுவிடாதீர்கள்.

அதோடு, அங்கே இருக்கும் உங்கள் ஆளிடம் சொல்லி வையுங்கள்: தினமும் போன் எடுக்கும்போது முதல் பத்து நிமிடம் டொச்சில் கதைக்கட்டும். அன்றைக்கு என்ன சமைத்தார், வேலைக்கு எத்தனை மணிக்குப் போனார், எந்த பஸ்ஸில் போனார் என்று கேளுங்கள். அவர் ‘தமிழிலேயே கதையப்பா, நேரம் போகுது’ என்பார். விடாதீர்கள்.